இடது பக்கம் அரப்பு, வலது பக்கம் ஷாம்பு

இந்தப் பக்கம் வந்து நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். புடுங்கப் புடுங்க முளைக்குது. அது போக வீட்டுல ஒரு பெரிய ஆராய்ச்சி வேற ஓடிட்டிருந்துது. அதோட ரிசல்ட்தான் இந்தப் பதிவு. தலைப்பைப் பார்த்துட்டு "ஐயய்யோ, அழகுக் குறிப்பு"ன்னு ஓடப் பார்க்கிற ஆண் பதிவர்களே, கொஞ்சம் நில்லுங்க. உங்களுக்கும் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கும்ல? :-)

முதல்ல கொசுவத்தி சுத்திடறேன்.

நான் பெங்களூர்ல பொட்டி தட்டறவ. நாலு வருஷமா டேங்கர் தண்ணிக் குளியல். அதுலயே முடி பாதி வைக்கோல் ஆயிருந்துது. போன ஆவணியில காலேஜ் தோழி கல்யாணம். கூட வேலை பார்க்கற புள்ளைங்க எல்லாம் சேர்ந்து ஏத்தி விட்டதுல, ஒரு பார்லருக்குப் போய் முன்னாடி நாலஞ்சு கொத்துக்குப் பழுப்பு கலர் அடிச்சேன். கலர் ஏறணும்னா முதல்ல ப்ளீச் பண்ணணுமாம். பண்ணினாங்க. சரியா ரெண்டு வாரம் கழிச்சு அதே முடி மேலயே ஸ்மூத்தனிங்கும் பண்ணிக்கிட்டேன். மொத்தம் ஆறாயிரத்து ஐநூறு ரூபா. கல்யாண போட்டோல சும்மா சினிமா ஹீரோயின் மாதிரி இருந்தேன். அது ஒரு மாசம்.

அப்புறம் ஆரம்பிச்சுது. சீப்பு வச்சா 'சர்ர்ர்'னு சத்தம். நுனி எல்லாம் ரெண்டா, மூணாப் பிளந்து, பழைய விளக்குமாறு மாதிரி. ஈரமா இருக்கும்போது இழுத்தா ரப்பர் மாதிரி நீண்டு அப்படியே பட்டுனு அறுந்துது. அதைப் பார்த்த அன்னிக்கு ராத்திரி பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். இதுக்கெல்லாமா அழுவேன்னு கேட்டா, ஆமாம், அழுதேன். பதிவுல பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?

ஐப்பசியில மூணு மாசம் வீட்டுல இருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைச்சுது. மூட்டையைக் கட்டிட்டு ஊருக்கு வந்துட்டேன். ஊருன்னா கொண்டப்பநாயக்கன்பட்டி. சேலத்துக்கு வடக்கால, ஏற்காடு மலைக்குக் கிட்ட. எங்க வீட்டு மொட்டை மாடியில துணி காயப்போட ஏறினா சேர்வராயன் மலை மூஞ்சிக்கு நேரா நிக்கும். மழைக்காலத்துல மேகம் அது தோள் மேல துண்டு போட்ட மாதிரி கிடக்கும். அதை எல்லாம் ரசிக்கிற மூடுல நான் இல்ல. பஸ்ஸை விட்டு இறங்கினப்பவே தலையில துப்பட்டா.

அம்மா கதவைத் திறந்தாங்க. துப்பட்டாவை எடுத்தாங்க. ஒண்ணுமே சொல்லல. கையில கொஞ்சம் முடியை எடுத்துத் தடவிப் பார்த்துட்டு, "சாப்பிட வா"ன்னு உள்ள போயிட்டாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லியாகணும். நான் ஆறாவது படிக்கிறப்ப அம்மாவுக்கு டைஃபாய்டு வந்துது. காய்ச்சல் விட்டு ரெண்டு மூணு மாசத்துல கொத்துக் கொத்தா முடி கொட்டிப்போச்சு. கடுமையான காய்ச்சலுக்கு அப்புறம் அப்படிக் கொட்டறது சகஜம், திரும்ப முளைச்சுடும்னு இப்ப எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் முளைச்சுது. ஆனா பழைய அடர்த்தி வரவே இல்ல. அதுக்கு முன்னாடி அம்மா ஜடை என் மணிக்கட்டு தண்டி இருக்கும். அன்னியில இருந்து அம்மா தன் தலையைக் கண்ணாடியில பார்க்கறதையே விட்டுட்டாங்க, என் தலையைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. செவ்வாய், வெள்ளி தவறாம எண்ணெய், அரப்பு. ஸ்கூலுக்கு ரெட்டை ஜடை மடிச்சுக் கட்டி அனுப்பினா ஊரே கேக்கும், "பாப்பாவுக்கு என்னங்க போடறீங்க?"ன்னு. அப்ப அம்மா முகத்தைப் பார்க்கணும்! ஆக, நான் பார்லர்ல காசு குடுத்துக் கருக்கிட்டு வந்தது என் முடியை மட்டும் இல்லன்னு வீட்டுக்குள்ள கால் வச்சதுமே புரிஞ்சுது.

வெட்டிடலாமான்னு கேட்டேன். தோள் வரைக்கும் வெட்டினா கருகினது எல்லாம் போயிடும், சிம்பிள். "வெட்டறதா? கல்யாணத்துக்குப் பார்த்துட்டிருக்கறப்பவா? முடிதான்டி பொம்பளைக்கு லட்சணம்"னு அம்மா முடிச்சுட்டாங்க. வெட்டு கேன்சல். அப்ப இருக்கறதை வச்சு ஒப்பேத்தணும்.

இன்ஜினியரிங் படிச்ச மூளை சும்மா இருக்குமா? பிரச்சனையை முதல்ல புரிஞ்சுக்கலாம்னு உக்காந்து படிச்சேன். படிச்சதைச் சுருக்கமாச் சொல்றேன்.

முடிங்கறது கெராட்டின்னு ஒரு புரதம். மேல ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில் செதிலா ஒரு அடுக்கு. அந்தச் செதில் படிஞ்சு இருந்தா முடி மின்னும், வழுக்கும். உள்ள கந்தகப் பிணைப்புகள்தான் முடிக்கு உரம். ப்ளீச் பண்ணினா செதிலைத் தூக்கிட்டு உள்ள போய் நிறத்தை அழிக்குது, அந்தப் பிணைப்புலயும் கொஞ்சத்தை ஒரேயடியா உடைச்சிடுது. ஸ்மூத்தனிங் மருந்தும் அதே பிணைப்பைத்தான் உடைச்சு, முடியை நேராக்கி, திரும்பக் கட்டுது. ஏற்கெனவே உடைஞ்ச வீட்டுல மறுபடி கடப்பாரை போட்டாச்சு. (சில கெராட்டின் ட்ரீட்மெண்ட்ல வர்ற ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சி அமைப்பே முதல் பட்டியல்ல வச்சிருக்கு. அதுக்கு மாற்றா வந்த கிளையாக்ஸிலிக் அமிலம் போட்டுக்கிட்ட ஒரு இளம்பெண்ணுக்கு மறுபடி மறுபடி சிறுநீரகம் பாதிச்ச கதை 2024ல ஒரு பெரிய மருத்துவ இதழ்ல வந்துது. புள்ளைங்களா, போறதுக்கு முன்னாடி என்ன மருந்துன்னு கேட்டுட்டுப் போங்க. நான் கேக்கல.)

முக்கியமான பாயிண்ட் இதுதான்: தலைக்கு வெளிய வந்த முடி செத்த பொருள். காயம் ஆறுற மாதிரி அது ஆறாது. வேர்ல இருந்து மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் புதுசா வளரும், அவ்வளவுதான். 'ரிப்பேர்'னு பாட்டில்ல எழுதியிருக்கறது எல்லாம் மேல் பூச்சுதான்.

இது தெரிஞ்சும் வாங்கினேன். ஹி ஹி. அஸ்தம்பட்டியில ஒரு கடையில, தாவரத்துல இருந்து செஞ்சதுன்னு பச்சை இலை படம் போட்ட ஷாம்பு, கண்டிஷனர் ஜோடி. ரெண்டும் சேர்த்து நானூறு ரூபாய்க்குள்ள. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஷாம்புக்கு ஜி.எஸ்.டி. 18ல இருந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருந்ததால கொஞ்சம் லாபம். பிராண்டு பேரைச் சொல்ல மாட்டேன், அவங்க எனக்குக் காசு குடுக்கல.

வீட்டுக்கு வந்து லேபிளைப் படிச்சேன். பொருள்களை அளவு வாரியா, அதிகமா இருக்கறதுல இருந்து எழுதுவாங்க. முதல் இடம் தண்ணி. ரெண்டாவது தேங்காய் எண்ணெய்ல இருந்து செஞ்ச நுரைப் பொருள். பாட்டில் மேல பெரிசா படம் போட்டிருந்த சீயக்காய் எங்கேன்னு தேடினா, வாசனைக்கு ரெண்டு இடம் முன்னாடி, கடைசி வரிசையில பாவமா நிக்குது. இன்னொரு வேடிக்கை. எல்லாரும் திட்டற எஸ்.எல்.எஸ். இருக்கே, சோடியம் லாரில் சல்ஃபேட், அதுவும் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய், பனை விதை எண்ணெய்ல இருந்துதான் செய்யறாங்க. அப்ப அதுவும் 'தாவரம்'தானே! எந்தச் செடியில இருந்து வந்துதுங்கறது கேள்வியே இல்ல. கடைசியில அது என்னவா ஆச்சு, எவ்வளவு கடுமையாக் கழுவுதுங்கறதுதான் கேள்வி.

பாட்டிலைப் பார்த்த அம்மா, "இதுக்கு நானூறு ரூபாயா? பேளுக்குறிச்சி சந்தையில உங்க அம்மாயி வாங்கிக் குடுத்த அரப்பு ஒரு டப்பா இருக்கு, அதைப் போடு"ன்னாங்க.

வெளியூர்ப் பதிவர்களுக்காக: அரப்புங்கறது உசிலை மரத்து இலையைக் காய வச்சு இடிச்ச பச்சைப் பொடி. உசிலம்பட்டிக்கே அந்த மரத்தாலதான் பேருன்னு சொல்வாங்க. எங்க சேலம், நாமக்கல் பக்கம் எண்ணெய் தேய்ச்சா அரப்புதான். வடிச்ச கஞ்சியில குழைச்சு தலையில அப்பணும். கண்ணுல பட்டா உசுரு போயிரும். அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை மூணுலயும் இருக்கற சரக்கு ஒண்ணுதான், சப்போனின்னு பேரு. ஒரு முனை தண்ணியைப் பிடிக்கும், இன்னொரு முனை எண்ணெயைப் பிடிக்கும். ஷாம்புல இருக்கறதும் அதே தத்துவம்தான்.

அம்மா கட்சியா, பாட்டில் கட்சியா? சாஃப்ட்வேர்காரிக்கு இதுக்கு ஒரே வழிதான் தெரியும். ஏ/பி டெஸ்ட்! நடு வகிடு எடுத்து, இடது பக்கம் அரப்பு, வலது பக்கம் ஷாம்பும் கண்டிஷனரும். வாரத்துக்கு ரெண்டு குளியல், ஆறு வாரம். ஒவ்வொரு தடவையும் காஞ்ச பிறகு ஒரு பக்கத்துக்கு ஐம்பது இழுப்பு சீவி, உடைஞ்ச துண்டு முடியை வெள்ளைத் தாள்ல எண்ணி எழுதணும். வேரோட வர்ற முழு முடி கணக்குல கிடையாது, அது ஒரு நாளைக்கு ஐம்பதுல இருந்து நூறு வரைக்கும் எல்லாருக்கும் கொட்டறதுதான். அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. அப்பா மட்டும் சிரிச்சாரு.

அப்பாவைப் பத்திச் சொல்லணும்ல. அப்பா செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுப் பட்டறையில முப்பது வருஷமா வேலை பார்க்கறாரு. பத்த வச்சு முடிச்ச கொலுசு கறுப்பா இருக்கும். அதைப் பூந்திக்கொட்டை ஊறின தண்ணியில போட்டு பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவினா பளபளன்னு வரும். சின்ன வயசுல அப்பா கை எப்பவும் பூந்திக்கொட்டை வாசம்தான் அடிக்கும். என் ஆராய்ச்சி நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு அவரு சொன்னது ஒரே வரி: "பூந்திக்கொட்டை அழுக்கை எடுக்கும் பாப்பா. தேஞ்ச வெள்ளியைச் சேர்க்காது."

நான் நாலு நாள் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை மனுஷன் டீ குடிச்சுக்கிட்டே சொல்லிட்டாரு. ஙேன்னு முழிச்சேன்.

ஆறு வாரம் முடிஞ்சுது. ரிசல்ட்: பாட்டில் கட்சி அமோக வெற்றி. அரப்பு பக்கம் வேர்கிட்ட முடி சுத்தமா, மிருதுவா இருந்துது. ஆனா காதுக்குக் கீழ, கருகின பகுதியில, ஒரே சிக்கு. தூக்கிட்டு நிக்கற செதிலுக்குள்ள அரப்புத் தூள் போய் உக்காந்துக்குது. சீவினா உடையுது. உடைஞ்ச துண்டு எண்ணிக்கை வலது பக்கத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல.

பெருமையா ஆபீஸ் தோழிக்கு கிராஃப் அனுப்பினேன். அவ டெஸ்டிங் டீம். ரெண்டே நிமிஷத்துல பதில் வந்துது. "ஏன்டி, ஒரு பக்கம் மட்டும் கண்டிஷனர் போட்டுட்டு ஷாம்பு ஜெயிச்சுதுன்னா எப்படி? ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா அது டெஸ்டா?"

அவ்வ்வ்வ்வ். அஞ்சு வருஷ அனுபவம், அடிப்படையிலயே பக்.

அவ சொன்னது சரிதான். அடிபட்ட முடி மேல நெகட்டிவ் சார்ஜ் அதிகம். கண்டிஷனர்ல இருக்கற முக்கியமான பொருள் பாசிட்டிவ் சார்ஜ் உள்ளது. அதனால எங்க அடி அதிகமோ அங்க அதிகமாப் போய் ஒட்டிக்கும், செதிலைப் படிய வச்சு வழுக்க வைக்கும். கழுவறதுல அரப்புக்கும் ஷாம்புக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. சிக்கு எடுத்தது கண்டிஷனர். அரப்பு பக்கத்துக்கும் கண்டிஷனர் போட்டுப் பார்த்தேன். தூளை நல்லா அலசிட்டுப் போட்டா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப அரப்பு தோக்கலைல்ல"ன்னாங்க. தோக்கலம்மா.

இதுக்கு நடுவுல கார்த்திகையில ஒரு சம்பவம். இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன்.

தரகர் ஒரு ஜாதகம் கொண்டு வந்தாரு. திருச்செங்கோடு பக்கம், போர்வெல் லாரி வச்சிருக்கறவங்க. ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றாங்க. அப்ப என் தலை எப்படி இருக்கும்னு யோசிங்க. டெஸ்ட் அஞ்சாவது வாரம். இடது பக்கம் மங்கலா, பரட்டையா. வலது பக்கம் பளபளப்பா. நடுவுல வகிடு. ஏதோ ரெண்டு பேர் தலையை வெட்டி ஒட்டின மாதிரி. அம்மா பீரோவைத் திறந்து ஒரு துணிப்பையில இருந்து சவுரி எடுத்தாங்க. என் முடியோட சேர்த்து இடுப்பு வரைக்கும் பின்னி, மேல ரெண்டு முழம் கனகாம்பரம் வச்சு மூடிட்டாங்க. "வாயைத் தொறக்காதே"ன்னு உத்தரவு.

எல்லாம் நல்லபடியாத்தான் போச்சு. காபி குடுத்தாச்சு. பையன் நல்ல பையன் மாதிரிதான் இருந்தாரு, போனைப் பார்க்காம உக்காந்திருந்தாரு. அவரோட அத்தை என் பக்கத்துல வந்து ஜடையைத் தொட்டுப் பார்த்துட்டு, அம்மாவைப் பார்த்துக் கேட்டாங்க: "பாப்பாவுக்கு நல்ல முடிங்களே. சொந்த முடிதானுங்களா?"

அம்மா "ஆமாங்க, சின்ன வயசுல இருந்தே..."ன்னு ஆரம்பிச்சாங்க. அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஸ்கூல் வாசல்ல நின்னு சொல்ற அதே குரல். ஆனா இந்தத் தடவை லேசா நடுங்குது. அம்மா எனக்காகப் பொய் சொல்றாங்கன்னு தோணுச்சு. நாளைக்கு அந்த வீட்டுல போய் முதல் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சா தெரிஞ்சிரும், அப்ப பொய் சொன்னவங்கன்னு அம்மாவைத்தானே சொல்வாங்க?

"சவுரிங்க அத்தை. பார்லர்ல போய்க் கெடுத்துக்கிட்டேன். அம்மா மேல தப்பு இல்லைங்க"ன்னு சொல்லிட்டேன்.

ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். அந்த அத்தை ஒண்ணும் கோவிச்சுக்கல, "இந்தக் காலத்துல எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் பண்ணுதுங்க"ன்னு சிரிச்சாங்க. மூணு நாள் கழிச்சு, ஏதோ தோஷம் இடிக்குதுன்னு தரகர் போன் பண்ணினாரு. அது முடிக்காகவா, தோஷத்துக்காகவான்னு எனக்குத் தெரியாது. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாவது நாள் ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே, திரும்பாம, சொன்னாங்க. "அது உனக்கு வாங்கின சவுரி இல்ல."

எனக்குப் புரியல.

"காய்ச்சலுக்கு அப்புறம் வாங்கினது. பத்து வருஷம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதை வச்சுத்தான் போனேன். உங்க அப்பாவுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. உங்க சித்திக்குக் கூடத் தெரியாது. நீ என்னடான்னா நாலு பேர் முன்னாடி பட்டுனு சொல்லிட்ட."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன். பத்து வருஷம் அந்த ஜடையைப் பிடிச்சுக்கிட்டுதான் நான் கல்யாண மண்டபம் எல்லாம் போயிருக்கேன். எனக்கே தெரியல பாருங்க.

"தப்பாம்மா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கு வாய் வரல, உனக்கு வந்துச்சு. அவ்வளவுதான்"னாங்க. கோவமா, பாராட்டான்னு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். ரெண்டாவது சுற்று, மார்கழி. இந்தத் தடவை ரெண்டு பக்கமும் அதே ஷாம்பு, அதே கண்டிஷனர். மாத்தினது தண்ணி மட்டும்.

எங்க பக்கம் போர் தண்ணி எப்படின்னு சேலத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். பக்கெட் வெள்ளையாப் படியும், ஹீட்டர் காயில் சுண்ணாம்புக் கட்டி ஆகும். ஏற்காடு மலைக்கும் டவுனுக்கும் நடுவுல கிடக்கற வெள்ளைக் கரடு எல்லாம் மேக்னசைட் பூமி, பல தலைமுறையா வெட்டி எடுக்கறாங்க. தண்ணியைக் கடினமாக்கறது கால்சியமும் மேக்னீசியமும்தான். இருநூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வச்சுப் பார்த்தேன். எங்க போர் 1,300ஐத் தாண்டுது. குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 வரைக்கும் நல்லது, வேற வழி இல்லைன்னா 2,000 வரைக்கும்னு சொல்லுது. அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தைத் தனியாக் காட்டாதுங்கறதையும் சொல்லிடறேன், இல்லேன்னா கெமிஸ்ட்ரி படிச்சவங்க வந்து கும்மிடுவீங்க. அதுக்கு சோப்பு டெஸ்ட் போதும். போர் தண்ணியில சோப்பு நுரைக்காம திரிஞ்சு மிதக்குது. மேட்டூர் தண்ணியில அதே சோப்பு பொங்குது.

ஷாம்பு சோப்பு மாதிரி திரியாது. ஆனா அந்த உப்பு முடியில படியறதை அதால தடுக்க முடியாது. ப்ளீச் பண்ணின முடி நல்ல முடியை விட அதிகமா உப்பைப் பிடிச்சு வச்சுக்கும். ஆக, கடைசி அலசலுக்கு இடது பக்கம் போர் தண்ணி, வலது பக்கம் மேட்டூர் தண்ணின்னு முடிவு பண்ணினேன். சிக்கல் என்னன்னா, மேட்டூர் தண்ணி எங்களுக்குத் தினமும் வராது. வந்தா குடம் குடமாப் பிடிச்சு வைக்கணும். அதுல தலைக்குக் குளிக்கறதுன்னா எங்க வீட்டுல கொலைக்குத்தம். எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம, டெஸ்டையே விட்டுடலாம்னு இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாத்ரூம் கதவைத் தட்டினாங்க. திறந்தா, வெளிய ஒரு பித்தளைக் குடம் நிறைய மேட்டூர் தண்ணி. அம்மா, "ஒரு பக்கத்துக்கு ஊத்து. சிந்தாம ஊத்து"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நாலு வாரமும் அம்மாதான் குடம் கொண்டு வந்து வச்சாங்க.

ரிசல்ட்: முதல் சுற்றை விடத் தெளிவு. மேட்டூர் பக்கம் மூணாவது குளியல்லயே கையில தெரிஞ்சுது. உடையறது பாதியாக் குறைஞ்சுது. ஆறாயிரத்து ஐநூறு ரூபா பார்லரும், நானூறு ரூபா பாட்டிலும், அம்மாயி அரப்பும் பண்ணாததை, ஒரு குடம் காவேரித் தண்ணி பண்ணிச்சு. போர்வெல் சம்பந்தம் கைவிட்டுப் போனது ஒரு வகையில நல்லதுக்குத்தானோ? சும்மா சொன்னேன் :-)

ஒரு நாள் தலை துவட்டறப்ப அம்மா பழைய கதை சொன்னாங்க. அவங்க கல்யாணத்துக்கு முந்தி, ஊர்ல முதமுதலா சிக் ஷாம்பு பாக்கெட் வந்தப்ப அக்கா தங்கச்சிங்க மூணு பேரும் ஒரே பாக்கெட்டைப் பங்கு போட்டுப் போட்டுக்கிட்டாங்களாம். கடலூர்ல 1983ல, ரங்கநாதன்ங்கறவரு பதினஞ்சாயிரம் ரூபா முதல்ல ஆரம்பிச்ச கம்பெனி அது. அவரோட அப்பா சின்னிகிருஷ்ணன்தான் பாக்கெட் ஐடியாவுக்கே முன்னோடி. பணக்காரங்க வாங்கறதை எல்லாம் கூலிக்காரனும் வாங்கற மாதிரி சின்ன பாக்கெட்ல குடுக்கணும்னு நினைச்ச மனுஷன். நான் என் பங்குக்கு, ஷாம்புங்கற வார்த்தையே நம்ம ஊர்ல இருந்து போனதுதான்னு சொன்னேன். இந்தியில 'சாம்போ'ன்னா அமுக்கு, பிடிச்சு விடுன்னு அர்த்தம். பாட்னாவுல பொறந்த ஷேக் தீன் முகமதுங்கறவரு 1814 வாக்குல இங்கிலாந்துல பிரைட்டன்ல குளியல் நிலையம் வச்சு, இங்கிலாந்து ராஜாவுக்கே 'ஷாம்பு வைத்தியரா' இருந்தாரு. அப்ப அது மசாஜ்தான், பாட்டிலே கிடையாது.

"பாத்தியா, தேய்ச்சு விடறதுதான் ஷாம்பு. பாட்டில் இல்ல"ன்னு அம்மா என் தலையை நல்லா அழுத்தித் தேய்ச்சாங்க. அப்ப நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டேன்.

தை பொறந்து ரெண்டாவது வாரம். வேர்கிட்ட நாலஞ்சு சென்டிமீட்டர் புது முடி வளர்ந்து, கறுப்பா, நேர்த்தியா இருந்துது. அதுக்குக் கீழ எல்லாம் பூச்சு வேலை. எவ்வளவு கண்டிஷனர் போட்டாலும் அப்பா சொன்ன மாதிரி தேஞ்ச வெள்ளி சேரப்போறதில்ல. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அம்மாவே கேட்டாங்க. "வெட்டிக்கறியா?"

அஸ்தம்பட்டிக்கு ரெண்டு பேரும் போனோம். தோளுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் வெட்டியாச்சு. வெட்டின முடி தரையில விழறப்ப அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துட்டிருந்தாங்க. வெளிய வந்ததும் என் பின்கழுத்தைத் தடவிப் பார்த்துட்டு, "தலை லேசா இருக்கா?"ன்னு கேட்டாங்க. "இருக்கும்மா"ன்னேன். "எனக்கும் வெட்டிக்கிட்டா நல்லா இருக்குமா?"

நான் சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல. நிஜமாத்தான் கேட்டிருக்காங்க. "அடுத்த வெள்ளிக்குப் பாக்கலாம்"னு அவங்களே பதிலும் சொல்லிட்டு பஸ்ஸைப் பார்க்கப் போயிட்டாங்க. இன்னும் வெட்டல. ஆனா வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் கழிச்சு பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவினதைப் பார்த்தேன்.

கேக்கறவங்களுக்காகச் சுருக்கம்: தாவரம்னு எழுதியிருக்கேன்னு மயங்க வேண்டாம், லேபிளைப் படிங்க. கருகின முடிக்குக் கண்டிஷனர் முக்கியம், ஷாம்பு ரெண்டாம் பட்சம். நல்ல முடிக்கு அரப்பே தாராளம். தண்ணி உப்பா இருந்தா கடைசி ஒரு சொம்பாவது நல்ல தண்ணியில அலசுங்க. மழை பெஞ்சா பக்கெட்டை வெளிய வைங்க. மிச்சத்துக்குக் கத்திரி.

டிஸ்கி 1: அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் சவுரி விஷயத்தை எழுதினேன். "பேர் போடாதே, மத்தபடி எழுதிக்கோ. இன்னும் எத்தனை நாளைக்கு மறைக்கறது"ன்னாங்க.

டிஸ்கி 2: சீயக்காய் கட்சிக்காரங்க சண்டைக்கு வரலாம். மூணாவது சுற்றுக்கு ஆள் தேவைப்படுது. நடு வகிடு கட்டாயம்.